சலவைக்கல்லும் எண்ணெய்க்கல்லும்

கிரேக்கக் கலை வரலாறு எங்கள் எம்.ஏ. பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் அதன் எலும்புக்கூடு எங்கள் இலக்கிய வரலாற்றுத் தாள் முழுக்க இருந்தது. தோற்றம், வளர்ச்சி, உச்சம், தேய்வு. சங்க காலம் பொற்காலம். அடுத்தது களப்பிரர் வந்த இருண்ட காலம். பிறகு பல்லவர், சோழர் என்று ஏறுமுகம். நாயக்கர் காலத்தில் சிற்றிலக்கியச் சீரழிவு. இதை மனப்பாடம் செய்து எழுதியவர்கள்தாம் இன்று விமர்சனம் எழுதுகிறோம், இயக்க மேடைகளில் பேசுகிறோம். ஒரு மனித உடம்பு பிறந்து, வளர்ந்து, முறுக்கேறி, கிழடு தட்டுவதைப் போலவே கலையும் நடக்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் ஏதென்சுக்குப் போய்ச் சேரலாம். நான் போனது நூலகம் வழியாகத்தான். இருப்பது சானமாவில். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில், ஒருபக்கம் சிப்காட் கம்பெனிகளின் ஷிப்ட் பஸ்ஸும் மறுபக்கம் யானை இறங்கும் காடுமாக இருக்கிற ஊர். இங்கே இருந்துகொண்டு கிரேக்கத்தைப் பற்றிப் பேச என்ன அருகதை என்று கேட்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பேச வேண்டியது கல்லைப் பற்றி. கல் எங்களிடம் நிறையவே இருக்கிறது.

1764இல் வின்கெல்மான் என்ற ஜெர்மானியர் பண்டைக் கலையின் வரலாற்றை எழுதினார். கலையை ஓர் உயிரியின் பருவங்களாகப் பிரித்து, பழைய பாணி, உன்னதப் பாணி, அழகுப் பாணி, கடைசியில் போலிகளின் பாணி என்று அடுக்கிக் காட்டிய நூல் அது. பின்னால் வந்தவர்கள் பெயர்களை மாற்றினார்கள். ஜியோமிதி வடிவக் காலம், தொல்காலம், செவ்வியல் காலம், ஹெலனியக் காலம் என்றெல்லாம் சொன்னார்கள். ஏறி இறங்கும் அந்தக் கோடு மட்டும் அப்படியே நின்றது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. வின்கெல்மான் கிரேக்க மண்ணை மிதித்தவரே இல்லை. ரோம் நகரில் உட்கார்ந்து, பெரும்பாலும் ரோமானியர் செய்துவைத்த நகல்களைப் பார்த்து, மூலம் எப்படி இருந்திருக்கும் என்று எழுதினார். ஐரோப்பா அழகு என்று நம்பியது அந்த நகலின் வெள்ளையை. தமிழ் இலக்கிய வரலாறு அந்த நூலிலிருந்து நேராக இறங்கி வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா, வரலாறு எழுதுவதென்றால் இப்படித்தான் என்று உலகுக்குக் கொடுத்த அச்சு அது. நாமும் நம் கள்ளிமண்ணை அதில்தான் அடித்தோம்.

மூலங்கள் வெளியே வந்தபோது அச்சு விரிசல் விட்டது. கி.மு. 480இல் பாரசீகப் படை ஏதென்சின் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறிக் கோயில்களைக் கொளுத்தி, நேர்த்திக்கடனாக நிறுத்தியிருந்த சிலைகளை உடைத்துப் போட்டது. திரும்பி வந்த ஏதென்ஸ் மக்கள் உடைந்தவற்றைப் பள்ளங்களில் போட்டு மூடினார்கள். 1885 முதல் 1890 வரை அந்த மண்ணைத் தோண்டியபோது வந்த பெண் சிலைகள் வெள்ளையாக இல்லை. தலைமயிரில் சிவப்பு, ஆடைக் கரையில் நீலம், பச்சை. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்ததால்தான் சாயம் அந்த அளவுக்காவது தங்கியது. 'வளர்ச்சியடையாத' தொல்காலம் என்று புத்தகத்தில் ஒரு படிக்கட்டாக மட்டும் இருந்த காலம், தனக்கென ஒரு முகத்தோடு வந்து நின்றது. அந்த முகம் சிரித்துக்கொண்டும் இருந்தது. 2003இல் மியூனிக்கில் பிரிங்க்மான் குழுவினர் சாயம் பூசிய மறு உருவாக்கங்களைக் காட்சிக்கு வைத்தபோது, பார்த்தவர்களில் பலருக்கு முகம் சுளித்தது. எங்கள் ஊர் அய்யனாரைப் பார்த்தால் படித்தவருக்கு வரும் அதே சுளிப்பு.

சாயம் போனதில் காலத்துக்கு மட்டும் பங்கு இல்லை, கைக்கும் உண்டு. பார்த்தினான் கோயிலிலிருந்து எல்ஜின் பிரபு பெயர்த்தெடுத்துப் போன சிற்பங்கள் 1816 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றை வைக்கப் புதிய கூடம் கட்டிக் கொடுத்த தூவீன் என்ற கலைப்பொருள் வியாபாரிக்குச் சிற்பங்கள் வெள்ளையாக இருக்க வேண்டியிருந்தது. 1937-38இல் செம்புக் கருவிகளையும் உரசு கற்களையும் கொண்டு மேல்தோலைச் சுரண்டினார்கள். சலவைக்கல் என்ற நம் சொல்லுக்கு அங்கே புதுப்பொருள் கிடைத்தது. கல்லை வெளுத்தார்கள். வின்கெல்மானின் வெள்ளை அழகியல் நூலிலிருந்து இறங்கிக் கூலியாள் கையில் உளியாகப் போன இடம் அது. கோட்பாடு ஒன்றும் செய்யாது, அது வெறும் பேச்சு என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

இங்கேயும் சுரண்டுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதியில் நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எங்கள் பக்கத்துக் கன்னடக்காரர்களுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் அது வீரகல்லு. எண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வசதி வந்தால் எனாமல் பெயிண்ட் அடித்துக் கும்பிடுகிற கல். ஆய்வுக்கு வருகிறவருக்கு எழுத்து வேண்டும். கம்பித் தேய்ப்பான், சுண்ணாம்புப் பொடி, படியெடுக்க மைத்தாள். நானும் ஒரு தடவை கூடப் போயிருக்கிறேன். ஏரிக்கரையில் இருந்த கல்லைத் தேய்த்துப் படம் எடுத்துவிட்டு எல்லாரும் ஜீப் ஏறினார்கள். விளக்கு வைக்கும் அம்மாள் என்னிடம்தான் கேட்டார்: "ஏன் சாரு, சாமி மேல இருக்கறத சொரண்டிட்டுப் போறாங்களே, திரும்பப் பூசறது யாரு?" எழுத்தைப் படிக்காமல் விட்டுவிடலாம் என்பது என் வாதம் இல்லை. படிக்காவிட்டால் அந்த மனிதன் பெயரே நமக்குக் கிடைக்காது. ஆனால் எழுத்து இருக்கும் அடுக்கு மட்டும்தான் வரலாறு, எண்ணெய் அடுக்கு அழுக்கு என்று முடிவு கட்டியது யார்? அக்ரோபோலிஸ் பெண் சிலையில் ஒட்டியிருக்கும் ஒரு கடுகளவு நீலத்துக்குக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கும் அறிவு, வேடியப்பன் மேல் இருக்கும் நூறு வருஷத்துச் செங்காவியைக் கழுவி விடுகிறது.

கிரேக்கத்திலும் நடுகல் உண்டு. கோயிலை விட்டு இறங்கி இந்தக் கல்லறைக் கற்களைப் பின்தொடர்ந்தால், பருவங்களின் கதை வேறு மாதிரி ஓடுகிறது. என் வாதமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் பானை. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஏதென்சின் டிப்பிலான் வாயிலருகே ஒரு பெண்ணின் புதைகுழி மேல் நின்றது ஒன்றரை மீட்டர் உயரமுள்ள தாழி. உடம்பெல்லாம் கோலம் போன்ற கோடுகள். நடுவில் பாடையில் ஒரு பிணம், இருபுறமும் தலையில் கைவைத்து அழும் குச்சி மனிதர்கள். ஒப்பாரி வைப்பவர்களின் கை நம் ஊரில் எப்படிப் போகுமோ அப்படியே போகிறது. 'மனித உடலை வரையத் தெரியாத காலம்' என்று இதைச் சொல்லும் பாடநூல்கள் உண்டு. வரைந்தவனுக்கு வேண்டியது உடலா, துக்கமா?

பிறகு கல். கி.மு. 510 அளவில் செய்த அரிஸ்தியோன் நடுகல்லில் கவசம் பூண்டு ஈட்டியோடு நிற்கும் ஒரு போர்வீரன். செத்தவன் பெயரும் இருக்கிறது. இது அரிஸ்தோக்ளிஸ் செய்த வேலை என்று கல்தச்சன் பெயரும் இருக்கிறது. இதையடுத்து ஏதென்சில் உருவம் செதுக்கிய கல்லறைக் கற்கள் ஏறக்குறைய நின்றுபோகின்றன, சுமார் எழுபது வருஷத்துக்கு. கலை வற்றிவிட்டதா? அதே வருஷங்களில்தான் செவ்வியல் உச்சம் என்று சொல்லும் வேலைகள் நடந்தன. ஆடம்பரத்தைத் தடுக்க ஏதோ சட்டம் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இருந்த கற்களுக்கு என்ன ஆயிற்று? பாரசீகர் போன கையோடு, கி.மு. 479-478இல், ஏதென்ஸ் மக்கள் அவசர அவசரமாக மதில் எழுப்பினார்கள். கல்லறைக் கற்களையும் செதுக்கிய கற்களையும் பிடுங்கி அடுக்கினார்கள் என்று துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். தோண்டியபோது அப்படியே கிடைத்தன. ஏரி மதகிலும் வீட்டுப் படியிலும் நடுகல்லைப் பதித்தவனைக் காட்டுமிராண்டி என்று திட்டும் நம் ஆர்வலர்கள் இந்த மதிலையும் நினைத்துக்கொள்ள வேண்டும். செத்துப்போன பாட்டனின் கல்லை எடுத்து உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு மதில் கட்டுவதா கூடாதா என்பது எளிதில் தீர்ப்புச் சொல்கிற விஷயம் இல்லை. எங்கள் பக்கம் கிரஷருக்குப் போகிற கல் வேறு கணக்கு. அது யார் பிள்ளையையும் காப்பாற்றுவதில்லை.

கி.மு. 430 அளவில் கல்லறைச் சிற்பங்கள் மறுபடி குபீரென்று வருகின்றன. ஏன்? பார்த்தினான் கட்டுமானம் 447இல் தொடங்கி 432இல் முடிகிறது. கூட்டணி நாடுகளின் பொது நிதியை 454இல் ஏதென்சுக்கு மாற்றிக்கொண்ட திமிரில் நடந்த வேலை அது. அந்தக் காசால் பல ஊர்களிலிருந்து கல்தச்சர்கள் வந்து குவிந்தார்கள். வேலை முடிந்தது. கை சும்மா இருக்குமா? வீடுகளின் சாவுக்குச் செதுக்கத் தொடங்கினார்கள். பாணி வரலாறு என்று நாம் படிப்பதற்கு அடியில் வேலையில்லாத் திண்டாட்டம் ஒன்று ஓடுகிறது. ஒரு கம்பெனி மூடியதும் வெல்டர்கள் கேட் கிரில் அடிக்கும் பட்டறை போட்டதை ஓசூரில் பார்த்தவர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை.

இந்தக் கற்களில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது டெக்சிலியோஸின் கல். குதிரை மேல் ஓர் இளைஞன், காலடியில் விழுந்த எதிரியை ஈட்டியால் குத்துகிறான். நம் குதிரைவீரன் நடுகல்லைப் பார்த்த கண்ணுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எழுத்தைப் பாருங்கள்: கி.மு. 394இல் கொரிந்துப் போரில் செத்தான் என்பதோடு, எந்த ஆண்டில் பிறந்தான் என்பதையும் பொறித்திருக்கிறார்கள். அக்காலத்துக் கல்லறைகளில் பிறந்த ஆண்டு போடும் வழக்கம் கிடையாது. 404-403இல் ஏதென்சின் மக்களாட்சியைக் கவிழ்த்து முப்பது பேர் கொடுங்கோல் நடத்தியபோது அவர்களுக்குத் துணை நின்றது குதிரைப்படை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் படை. எங்கள் பிள்ளை அப்போது சிறுவன், அந்தப் பாவத்தில் அவனுக்குப் பங்கில்லை என்று குடும்பம் கல்லில் சாட்சி சொல்கிறது. ஆய்வாளர்கள் பலர் இப்படித்தான் வாசிக்கிறார்கள், எனக்கும் இது சரியாகப் படுகிறது. செவ்வியல் அமைதி, செவ்வியல் சமநிலை என்று இரு நூற்றாண்டாகப் புகழ்ந்த முகத்துக்குப் பின்னால் ஒரு வர்க்கத்தின் பயம் இருக்கிறது.

கி.மு. 317இல் ஏதென்சை ஆள வந்த ஃபலேரோன் ஊர் தெமெத்ரியோஸ் ஒரு சட்டம் போட்டான்: கல்லறை மேல் மூன்று முழத்துக்கு மேற்படாத சிறு தூண் போதும். அத்தோடு ஏதென்சின் கல்லறைச் சிற்பம் முடிந்தது. இதைத்தான் செவ்வியலின் அந்தி என்று எழுதுகிறார்கள். அந்தியும் இல்லை, கிழடும் இல்லை. அரசாணை.

ஆக, கலை தானாகப் பிறந்து வளர்ந்து செத்தது என்ற கதைக்கு இந்தக் கற்கள் ஒத்துவரவில்லை. சட்டம் வந்தபோது நின்றது, கூலி கிடைத்தபோது எழுந்தது, மதில் தேவைப்பட்டபோது அஸ்திவாரம் ஆனது. நம் பக்கம் திரும்பினால், 'இருண்ட காலம்' என்று நீலகண்ட சாஸ்திரி வழிவந்த வரலாறு விளக்கை அணைத்த நூற்றாண்டுகளின் விளிம்பிலேயே செங்கத்திலும் தருமபுரியிலும் வட்டெழுத்து நடுகற்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. 1972இல் நாகசாமி 'செங்கம் நடுகற்கள்' தொகுத்த பிறகு இது ரகசியம் இல்லை. பேரரசர் யாரும் இல்லாத ஊரில் மாடு மீட்டுச் செத்தவனுக்குக் கல் எடுத்திருக்கிறார்கள். இருட்டு யாருக்கு? அரண்மனையில் விளக்கு எரியவில்லை என்பதற்காக ஊரே இருட்டு என்று எழுதிவிட்டோம். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல் நடுவதன் படிகளைச் சொல்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வேலை. கல் தேடியவன், சுமந்தவன், செதுக்கியவன், படையல் போட்டவன் என்று ஒரு ஊரே அதில் நிற்கிறது. புறத்திணை என்று தலைப்பிட்டு நாங்கள் மனப்பாடம் செய்தது துறைப் பெயர்களை மட்டும்.

சரி, நடுகல்லைத் தூக்கிப் பிடித்து இன்னொரு பொற்காலம் செய்யவும் எனக்கு விருப்பமில்லை. அந்த ஆபத்து நம் இயக்க நண்பர்களிடம் இருக்கிறது. ஏதென்சின் கேரமெய்க்கோஸ் இடுகாட்டில் ஹெகெசோ என்ற சீமாட்டியின் கல் இருந்தது. நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நகைப்பெட்டியை நீட்டி நிற்கிறாள் ஒரு பணிப்பெண். மேலே ஹெகெசோவின் பெயர், அவள் அப்பன் பெயர். நிற்பவளுக்குப் பெயரில்லை. நம் வீரக்கற்களில் வீரனோடு தீப்பாய்ந்தவளைப் பக்கத்தில் செதுக்கியிருப்பார்கள். அவள் பெயருக்கும் பெரும்பாலும் அதே கதிதான். மாடு யாருடையது, மீட்கப் போனவன் எந்தச் சாதி, யாருக்குக் கல் எடுக்கவே இல்லை என்ற கேள்விகளைக் கேட்காமல் 'தமிழ் வீரம்' என்று முழங்கினால் வின்கெல்மானுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

பெயர் என்றதும் நாய்கள் நினைவுக்கு வருகின்றன. எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. மாடு பிடிக்கும் சண்டையில் செத்த கருந்தேவகத்தியோடு அவன் நாய் கோவிவனும் நிற்கிறது. அது கள்வர் இருவரைக் கடித்தது என்று எழுத்தும் சொல்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், மண்டியா மாவட்டத்து ஆதக்கூரில் கி.பி. 949-50இன் கல். ராஜாதித்த சோழன் விழுந்த தக்கோலப் போரைப் பற்றிச் சொல்லும் அதே கல், அந்தப் போரில் வீரம் காட்டிய மணலேரன் பரிசாகக் கேட்டு வாங்கிய வேட்டை நாய் காளியையும், பன்றியோடு மோதி அது செத்ததையும் சொல்கிறது. சிற்பத்தில் இருப்பது அரசர்கள் இல்லை, நாயும் பன்றியும். இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏதென்சில் இலிசோஸ் ஆற்றுப் படுகையில் கிடைத்த கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்லிலும் ஒரு நாய். செத்த இளைஞன் நம்மைப் பார்க்கிறான், கிழத்தகப்பன் அவனைப் பார்க்கிறான், காலடியில் ஒரு சிறுபையன் முடங்கிக் கிடக்கிறான், நாய் மண்ணை மோந்துகொண்டிருக்கிறது. மூன்றில் எது செவ்வியல், எது நாட்டார் கலை? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டிருந்தால் மதிப்பெண் போயிருக்கும். இலிசோஸ் நாய்க்குப் பெயர் இல்லை, கோவிவனுக்கும் காளிக்கும் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இங்கே யவனரைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கப் பாடல்களில் யவனர் வருகிறார்கள் என்று நமக்கு ஒரு பெருமிதம். 1945இல் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார். அங்கே கிடைத்த, உட்புறம் சக்கர வரிகள் போட்ட மெல்லிய வழவழப்புத் தட்டுகள் மத்தியதரைக் கடலிலிருந்து வந்த சரக்கு என்று முடிவு செய்தார். இவ்வளவு நயமானது இங்கத்துக் கையாக இருக்க முடியாது என்ற எண்ணம் அந்த முடிவுக்குள் இருந்தது. பின்னால் விமலா பெக்லி அதைக் கேள்விக்குள்ளாக்கினார்; 1997இல் கோக்தே மண்ணைச் சோதித்து அது இந்திய மண் என்று காட்டினார். அரை நூற்றாண்டுக் காலம் ஒரு குயவனின் கை வேறொருவன் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது. காந்தாரப் புத்தரில் கிரேக்கத் தகப்பனைத் தேடிய ஃபூஷேவுக்கு 1927இல் ஆனந்த குமாரசாமி எழுதிய பதிலையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

பதிலுக்கு நாம் என்ன செய்கிறோம்? மூப்புப் போட்டி. எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிவகளை அதைவிடப் பின்னால் போனது. நல்ல செய்திதான், எனக்கும் சந்தோஷம். ஆனால் உடனே நண்பர்கள், அப்போது கிரேக்கன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று மேடையில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கிரீட்டில் அரண்மனை கட்டிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான் இருந்தான், போகட்டும். 1876இல் ஷ்லீமன் மைசினியில் பொன் முகமூடி எடுத்தார். அதே 1876இல் யாகோர் ஆதிச்சநல்லூரில் தாழிகளைத் தோண்டிப் பெர்லினுக்கு அள்ளிப் போனார். முதலில் வந்தது மன்னன் கதை. 1952இல் வென்ட்ரிஸ் அந்தக் காலத்து எழுத்தைப் படித்தபோது களிமண் ஏடுகளில் காவியம் இல்லை. பைலோஸ் அரண்மனையில் நூல் நூற்ற, துணி நெய்த பெண்கள் எத்தனை பேர், அவர்கள் பிள்ளைகள் எத்தனை, தானியம் எவ்வளவு, அத்திப்பழம் எவ்வளவு என்ற படிக் கணக்கு. எனக்கு ஷ்லீமனின் பொன்னைவிட அந்தக் கணக்கு பெரிது. மயிலாடும்பாறை இரும்பை உருக்கியவன் யார், அவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்க, ஆண்டு எண் மட்டும் உதவாது.

அக்ரோபோலிஸிலும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. எரெக்தெயோன் கோயில் கட்டியபோது, கி.மு. 409 முதல், செலவை இனம் இனமாகக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நிலை தெரிந்த எண்பத்தாறு வேலையாட்களில் குடிமக்கள் 24 பேர், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் 42 பேர், அடிமைகள் 20 பேர். தூணுக்கு வரி வெட்டியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா. குடிமகனுக்கும் அடிமைக்கும் ஒரே கூலி. அடிமையின் காசு எசமானன் மடிக்குப் போயிருக்கும், அது வேறு. ஆனால் பெயர்கள் இருக்கின்றன. எந்தத் தூணில் யார் என்றுகூட இருக்கிறது. கூரைக்கு அடியில் ஓடும் சிற்ப வரிசையில் ஓர் உருவத்துக்கு அறுபது திராக்மா. 'செவ்வியல்' என்ற சொல்லை இந்தக் கல்வெட்டுக்கு முன்னால் நின்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சூளகிரிக்குப் பக்கத்தில் மல்லச்சந்திரம் மலைமேல் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகள் இருக்கின்றன. அந்தப் பலகைகளைப் பிளந்தவனுக்கு எழுத்து இல்லை, அதனால் பெயரில்லை. அங்கிருந்து இறங்கி வந்தால் கிரானைட் அறுக்கும் பட்டறைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் பாலிஷ் போடுகிறார்கள். கல் கப்பலேறிப் போகிறது. கிரேக்கத்தின் 42 வெளியூர்க்காரர்களைப் போலத்தான். இவர்கள் பெயரும் ஊரும் நாள்கூலியும் மேஸ்திரியின் நாற்பது பக்க நோட்டில் இருக்கின்றன. நோட்டு தீர்ந்தால் டீக்கடையில் வடை மடிக்கப் போகிறது. நடுகல் படியெடுக்கப் போகும் நண்பர்கள் கல்லின் எழுத்தோடு, அதற்கு எண்ணெய் வைப்பவர் யார், எந்தக் கிழமை, என்ன நிறம் பூசுகிறார்கள், எந்த மொழியில் கூப்பிடுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வரும் வழியில் அந்த நோட்டுகளில் இரண்டொன்றையும் கேட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். இதுவரை மூன்று கிடைத்திருக்கின்றன. ஒன்றில் பாதிப் பக்கங்கள் எண்ணெயில் ஊறிப்போயிருக்கின்றன, எழுத்து தெரிகிறது.